மன்னிப்பு, கொடுத்தல், உண்மையாய் வாழ்தல்: எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர் சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. இங்கே ஒரு சிறிய தமிழ்ச் சபையில் இருபது வருடத்துக்கு மேல் வேதபாட வகுப்பும் ஞாயிறு பள்ளியும் நடத்தி வருகிறேன். நான் போதகர் இல்லை, பால்வெட்டுக்காரரின் மகள். வகுப்பில் யாரும் அவ்வளவாகக் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து பின்கட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "ஆன்ட்டி, ஒன்று கேட்கலாமா?" என்பார். அப்படி வந்தவற்றில் அடிக்கடி வந்தவை இவை.

மன்னிக்க வேண்டுமென்றால் நடந்ததை மறந்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏன் என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்வதுதான்.

1978இல் அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது. டவுனில் ஒரு சீனர் வைத்திருந்த மளிகைக் கடையில்தான் எங்களுக்குப் பற்று. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் 555 புத்தகத்தில் ஏறும். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கை அளவுக் குட்டிப் புத்தகம், அட்டையில் 555 என்று போட்டிருக்கும், கடன் கணக்கு என்றாலே அதுதான். அடக்கம் முடிந்த அடுத்த வாரம் தவுக்கே, அதாவது கடை முதலாளி, சைக்கிளில் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) வந்தார். அம்மாவின் முகம் வெளிறிப்போனது. அவர் வாசல் படியில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினார். அவசரமே படவில்லை. கூட்டி முடித்துக் கீழே தொகையை எழுதி நீட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். 187 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு. அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தவுக்கே பேனாவை எடுத்து, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரு கோடு இழுத்தார். "ஹபிஸ் லா" என்று மலாயில் சொன்னார். முடிந்தது என்று அர்த்தம்.

அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கும். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தில் 'கடன்' என்றே இருக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் முதலில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். தவுக்கே கூட்டாமலே புத்தகத்தைத் தூக்கி எறிந்திருந்தால், எங்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எங்களுக்கும் தெரிந்திருக்காது.

"சரி பரவாயில்லை, விடுங்க" என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் மன்னிப்பே இல்லை. சங்கடத்தினால் சொல்கிறோம், பயத்தினால் சொல்கிறோம். கணக்கு மூடியபடியே கிடக்கிறது, உள்ளே வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. நடந்தது தப்பு, எனக்கு வலித்தது, இவ்வளவு நஷ்டம் என்று கடவுளிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம்தான் கோடு இழுக்க முடியும்.

எத்தனை தடவைதான் மன்னிப்பது?

பேதுருவும் இதையேதான் கேட்டார், ஏழு தடவை போதுமா என்று. "ஏழுதரமாத்திரம் அல்ல, ஏழெழுபதுதரமட்டும்" என்றார் இயேசு. ஏழெழுபது என்றால் 490 என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. எண்ணி வைத்துக்கொள்ளவே கூடாது என்பதற்காகச் சொன்னது அது.

ஆனால் அதைத் தொடர்ந்து அவர் சொல்லும் கதையில் வரும் தொகைகளை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஒரு ராஜாவின் ஊழியக்காரன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ராஜா மனமிரங்கி முழுவதையும் மன்னித்துவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்டத்துக் கூலியாட்களுக்கு ஒரு நாளுக்கு ஒரு பணம் என்று பேசியது மத்தேயு 20இல் இருக்கிறது. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி.

இதை நம் ஊர்க் காசில் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி, 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 65 வெள்ளி. அப்படியானால் உடன்வேலைக்காரனின் கடன் 6,500 வெள்ளி. வகுப்பில் கரும்பலகையில் இதை எழுதியபோது எல்லாரும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது சின்னக் கடன் என்று நாம் எப்போதும் சொல்லி வந்திருக்கிறோம். தோட்டத்து வீட்டில் 6,500 வெள்ளி சின்னத் தொகையா? கிட்டத்தட்ட நாலு மாதச் சம்பளம். உங்களுக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன்தான் என்கிறார். அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி, 390 கோடி வெள்ளி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைக்க இரண்டு லட்சம் வருடம் ஆகும்.

அவர் மன்னிப்பே கேட்கவில்லை. நானாக மன்னிக்க வேண்டுமா?

லூக்கா 17இல் இயேசு சொல்வது: உன் சகோதரன் குற்றஞ்செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னித்துவிடு. கடிந்துகொள்வதும் கட்டளைதான், அதை மட்டும் நாம் வசதியாக விட்டுவிடுகிறோம். அதே லூக்கா 23இல் சிலுவையில் தொங்கும்போது, யாருமே கேட்காமல், "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்கிறார்.

இரண்டும் எப்படிப் பொருந்தும்? உங்கள் பக்கத்துக் கோட்டை நீங்கள் தனியாகவே இழுத்துவிடலாம். அதற்கு அவர் வரவேண்டியதில்லை. ஆனால் பழையபடி உறவாட வேண்டுமென்றால் இரண்டு பேரும் வேண்டும். அவர் தப்பை ஒத்துக்கொள்ளாமல் அது நடக்காது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமர் 12இல் எழுதுகிறார். கூடுமானால் என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறார். மன்னித்து அவரோடேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். வேதம் அப்படியா சொல்கிறது?

இல்லை.

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஒரு தடவை தவறு செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தங்கச்சி இரவில் என் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. தேநீர் கொடுத்தேன், ஜெபித்தேன், ஏழெழுபது வசனத்தைச் சொன்னேன், விடிந்ததும் நானே கூட்டிப்போய் அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். மறுபடி நான் அவளைப் பார்த்தது மருத்துவமனைக் கட்டிலில். உயிர் பிழைத்தாள். என்னை மன்னித்தும்விட்டாள். ஆனால் ஒரு காதில் இன்றுவரை கேட்காது. அவளோடு பேசும்போதெல்லாம் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏழெழுபது தடவை மன்னி என்றால் ஏழெழுபது தடவை அடி வாங்கு என்று அர்த்தம் இல்லை. தாவீது சவுலை மன்னித்தார், கையில் கிடைத்தபோதும் கொல்லாமல் விட்டார். ஆனால் சவுலின் ஈட்டி எறியும் தூரத்தில் போய் மறுபடி உட்காரவில்லை. மன்னிப்பு உங்கள் உள்ளத்தில் நடக்கட்டும், அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும். உடம்பும் பிள்ளைகளும் முதலில் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும். இந்த நாட்டில் 1994ஆம் ஆண்டிலேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. சமூகநல அதிகாரி மூலம் அவசரப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். போலீசில் புகார் கொடுக்கலாம். 15999 என்ற தாலியான் காசே (அரசாங்க உதவித் தொலைபேசி) எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். புகார் கொடுப்பது மன்னிக்காததற்கு அடையாளம் என்று யாராவது சொன்னால், அது நம் சபையின் பெரியவராகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

கூட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிவிட்டார். சபைக்காரர்தான். என்ன செய்வது?

வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து மாதம் 200 வெள்ளி போடுவார்கள், மாதம் ஒருவர் மொத்தமாக எடுப்பார். கல்யாணம், பள்ளிக்கூடச் செலவு, வீட்டுக் கூரை என்று எத்தனையோ நல்ல காரியங்கள் அதில் நடந்திருக்கின்றன. முதலிலேயே எடுத்தவர் பிறகு கட்டாமல் போனால்தான் வினை. கூட்டு நடத்துவதையே தொழிலாகச் செய்ய இந்த நாட்டில் 1971இலிருந்து சட்டம் தடை விதிக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

மத்தேயு 18:15இல் வழி இருக்கிறது. முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், தயவுசெய்து. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் சபையின் முன் வையுங்கள். பணம் திருப்பிக் கேட்பது பாவமே இல்லை. சகேயு என்ற வரி வசூலிப்பவர் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்று, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். மனந்திரும்பியவர் கையில் பணத்தோடு வருவார். மாதம் ஐம்பதாக வந்தாலும் வரும். உண்மையிலேயே இல்லாதவர் என்றால் அப்போது தவுக்கேயின் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் மன்னித்துவிட்டேன் என்கிறேன். மனசு வரவில்லையே?

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1942, 43 காலம். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், காட்டை வெட்டிப் போட்ட பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். பாட்டியின் அப்பாவும் திரும்பவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது.

பாட்டி ஒரு ஞாயிறும் தவறாமல் வருவார். கர்த்தருடைய ஜெபத்தைக் கணீரென்று சொல்வார். கடன்களை மன்னியும் என்ற வரி வந்ததும் உதடு மூடிக்கொள்ளும். அந்த வரி போனதும் மறுபடி குரல் எழும்பும். பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை நான் போதகரிடம் போய், பாட்டியிடம் பேச வேண்டாமா ஐயா என்று கேட்டேன். "வேண்டாம்மா. பொய் சொல்லக் கூடாது என்றுதானே வாயை மூடிக்கொள்கிறார்? அந்த வரியை அவருக்காக நாம் சொல்லுவோம்" என்றார் அவர்.

கடைசிவரை பாட்டி அந்த வரியைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கடைசி வருடங்களில் அவரால் ஆராதனைக்கு வர முடியவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு நான் சொல்லும் பதில் போதகர் அன்று சொன்னதுதான். மனசு வராதபோது வரவில்லை என்று கடவுளிடமே சொல்லுங்கள். அந்த வரியைச் சொல்ல முடியாத நாளில் பக்கத்து இருக்கைக்காரர் உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார். சபை கூடுவது இதற்காகவும்தான்.

நான் செய்தது பெரிய பாவம். கடவுள் என்னை மன்னிப்பாரா?

கொலோசெயர் 2:14ஐ எடுத்து வாசியுங்கள். நமக்கு விரோதமாய் இருந்த 'கையெழுத்தை' இயேசு குலைத்து, சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்று இருக்கிறது. மூலமொழியில் அந்தச் சொல், கடன் வாங்கியவர் தம் கையாலேயே எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டைக் குறிக்கும். உங்கள் பாவம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சீட்டைப் படித்துவிட்டுத்தான் அடித்தார்.

கத்தோலிக்க நண்பர்கள் குருவிடம் போய் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லிவிட்டு வருகிறார்கள், நமக்கு அது இல்லையே என்று சிலர் கேட்பார்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 நமக்கும்தான் சொல்கிறது. வாயை அடக்கத் தெரிந்த, வயதில் மூத்த ஒரு விசுவாசியிடம் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். காதால் கேட்க ஒரு மனிதர் இருப்பது பெரிய உதவி.

தசமபாகம் கொடுப்பது சேமநிதி பிடித்தம் போவதற்கு முன்பா, பின்பா?

சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் போகிறதே, அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாமா என்பது கேள்வி. போடலாம், போடாமலும் இருக்கலாம். "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்று பவுல் 2 கொரிந்தியர் 9இல் எழுதினார். நான் முழுச் சம்பளத்துக்கும் கொடுத்துப் பழகிவிட்டேன், யாரையும் அப்படிச் செய் என்று சொன்னதில்லை. பத்தில் ஒன்று என்பது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. உபாகமம் 14இல் மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும், அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடையும்படி. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒன்று மட்டும். வீட்டில் அரிசி இல்லாமல் காணிக்கைத் தட்டில் போடாதீர்கள். சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது.

கொடுத்தால் கடவுள் நூறு மடங்காகத் திருப்பித் தருவார் என்கிறார்களே?

"கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்" என்ற லூக்கா 6:38ஐத்தான் எல்லாரும் சொல்வார்கள். அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி அளந்து போடுவார்கள் என்று வரும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள், விடுதலைபண்ணுங்கள் என்று இருக்கிறது அதில். மற்றவர்களுக்குத் தாராளமாக இரக்கம் காட்டு என்று தொடங்கிய பேச்சு அது. லாட்டரி டிக்கெட்டாக அதை மாற்றுவது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையையும் இப்படித்தான் மேடையேற்றுவார்கள். மாற்கு 12இல் அந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னால் இயேசு என்ன சொல்கிறார் பாருங்கள்: நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களுக்கு ஆக்கினை அதிகம் என்கிறார். அந்த விதவையை அவர் மெச்சினார், சரி. அவள் கையில் கடைசி இரண்டு காசு மட்டும் மிஞ்சும்படி விட்டவர்களையும் அவர் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஓய்வூதியக் காசைக் கேட்டு மேடையிலிருந்து யாராவது அழுத்தினால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

எங்களிடமே ஒன்றும் இல்லை. நாங்கள் என்ன கொடுப்பது?

மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள் என்று 2 கொரிந்தியர் 8 சொல்கிறது. எங்கள் தோட்டத்தில் அதை நான் கண்ணால் பார்த்தே வளர்ந்தேன். சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. வரிசையாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொப்பி (காப்பி), ரொட்டி, சோறு வந்துகொண்டே இருக்கும். யார் என்ன மதம் என்று யார் பார்த்தது?

இப்போது அந்த லயங்களில் நம்மவர்கள் குறைவு. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் வாயிலிருந்து வரும் பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் பாட்டன்மார் கங்காணி கூட்டிவந்து கப்பலிலிருந்து இறங்கியபோது மற்றவர்கள் பேசியதும் இதேதான். அந்நியனைச் சுதேசிபோல எண்ணுங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்று லேவியராகமம் 19 சொல்கிறது.

சபையில் ஓர் அக்கா. கணவர் இல்லை, வீடு கூட்டும் வேலை. செம்பனைக் குலை வெட்டும் ஒரு வங்காளதேசத்துப் பையனுக்குக் காலில் முள் குத்திப் புரையோடிப் போனது, வேலைக்குப் போக முடியவில்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. அக்கா இரண்டு வாரம் தினமும் தூக்குச்சட்டியில் சோறும் ரசமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கொண்டுபோய் வைத்தார். அவன் முஸ்லிம் என்பதால் இறைச்சி வைக்கவில்லை. இவருக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. கடைசி நாள் தூக்குச்சட்டி கழுவித் துடைத்துக் கேட்டில் மாட்டியிருந்தது. திறந்தால் உள்ளே அவன் லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த பச்சை மிளகாய், சட்டி நிறைய. அக்கா அதை எங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தார். நல்ல காரம்.

சோற்றோடு துண்டுப் பிரசுரம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். பசித்தவனுக்குச் சோறு மட்டும் கொடுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வருகிறார்கள். கொடுக்கலாமா?

அவரவர் மனசாட்சி, ரோமர் 14ஐ வாசித்து முடிவெடுங்கள். பூசைக்கென்று கொடுக்க மனம் ஒப்பாதவர்கள் அன்னதானத்துக்கு அரிசி மூட்டையாகக் கொடுக்கிறார்கள், கேட்டு வந்தவர்களும் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்குக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். எது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், வாசலில் நிற்பவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள்.

சொந்தக்காரர் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடன் வாங்கிவிட்டு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்.

போடாதீர்கள். கடனுக்குப் பிணைப்படுகிறவர்களோடு சேராதே என்று நீதிமொழிகள் 22:26 சொல்கிறது. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பள்ளிச் செலவு என்று உங்களால் முடிந்ததைத் திரும்பக் கேட்காத தொகையாகக் கொடுங்கள். மிரட்டல் வந்தால் போலீஸ். அவரைத் தனியாக விடாமல் கூடவே போங்கள்.

சின்னச் சின்னப் பொய்யெல்லாம் இல்லாமல் இந்தக் காலத்தில் பிழைக்க முடியுமா?

அம்மா விடியுமுன் எழுந்து மரத்துக்குப் போவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓடாது. ஒவ்வொரு மரமாக உளி போட்டு, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார். புதுப் பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் எடை கூடும் என்று சிலர் கலப்பார்கள். மாதிரி எடுத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளலாம், மாட்டாமலும் போகலாம். இன்னொரு பக்கம், நிறுக்கிறவர் தராசைத் தம் பக்கம் சாய்த்துக்கொள்வதும் உண்டு. அவர்கள் ஏமாற்றுகிறார்கள், நாமும் ஏமாற்றினால் சரியாய்ப்போகும் என்பது தோட்டத்து நியாயம்.

அம்மா கலக்க மாட்டார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு வசனம் மனப்பாடம்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." அதைச் சொல்லிவிட்டு, கலக்காமல் கொண்டுவந்த பாலைத் தராசில் வைத்து, முள் நிற்கும்வரை நகராமல் நிற்பார். எழுதுகிறவர் குறைத்து எழுதினால், "ஐயா, இன்னொரு தடவை நிறுங்க" என்பார். அவரால் அப்படிக் கேட்க முடிந்தது. தண்ணீர் கலந்திருந்தால் கேட்டிருக்க முடியாது.

இப்போது பால் வாளி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லாமல் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுப்பது, ஓவர்டைம் நேரத்தைக் கூட்டி எழுதுவது, வீட்டு வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளத்தை இரண்டு நாள் தள்ளிக் கொடுப்பது என்று வேறு உருவத்தில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிடு என்று உபாகமம் 24:15 சொல்கிறது. எனக்கு அதுதான் முதலில் வரும்.

அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. திருவிருந்து எடுக்கலாமா?

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24. அதைச் சாக்காக வைத்து வருடக்கணக்கில் திருவிருந்தை ஒதுக்காதீர்கள். சனிக்கிழமையே ஒரு போன் போடுங்கள். எடுக்காவிட்டால் நீங்கள் கூப்பிட்டது கடவுளுக்குத் தெரியும்.

தவுக்கேக்கு நஷ்டம்தானே?

இது போன மாதம் ஞாயிறு பள்ளியில் ஒன்பது வயதுப் பையன் கேட்டது. 555 புத்தகக் கதையைச் சொல்லி, புத்தகத்தையே காட்டினேன். அம்மா அதை பிஸ்கட் டின்னில் போட்டுக் கடைசிவரை வைத்திருந்தார், இப்போது என்னிடம் இருக்கிறது. பையன் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். அப்புறம், "ஆன்ட்டி, 187 வெள்ளி யார் கட்டினது? அரிசியை அவர் காசு கொடுத்துத்தானே வாங்கியிருப்பார்?" என்றான்.

இத்தனை வருடம் இந்தக் கதையைச் சொல்லியும் நான் இதை யோசித்ததில்லை. ஆமாம், அவர்தான் கட்டினார். கோடு இழுத்ததும் கடன் காற்றில் கரையவில்லை, அவர் தலையில் ஏறியது. அந்தச் சமயத்தில் அவர் கடையில் அலமாரி பாதி காலியாக இருந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பையனிடம் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினேன். ஒரே அதிகாரம். எஜமானிடமிருந்து ஓடிப்போன ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று தம் கையாலேயே எழுதுகிறார். எழுதும்போது அவர் இருந்தது காவலில், கையில் என்ன காசு இருந்திருக்கும்?

வருகிற ஞாயிறு வகுப்பில் அதைத் தானே வாசிப்பதாகப் பையன் சொல்லியிருக்கிறான். 'ஒநேசிமு' மட்டும் வாயில் நுழையவில்லையாம், வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.